பேக்கப் ஓடுகிறது, சரி. உள்ளே என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். சின்ன வரி ஆலோசனை அலுவலகம், மூன்று கம்ப்யூட்டர், எல்லாம் விண்டோஸ் 10. முக்கியமான சிஸ்டத்தில் 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க் எப்போதும் சொருகியே இருக்கிறது, விண்டோஸோடு வரும் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரி ஆனில் இருக்கிறது, கடைசியாக நேற்று இரவு 11.02க்கு ஓடியதாகக் காட்டுகிறது. இதற்கு மேல் திறந்து வேறு பார்க்க வேண்டுமா, பார்ப்பதென்றால் எப்படி, டி டிரைவ் நிறைந்துவிட்டதால் 2019க்கு முந்தைய கிளையண்ட் ஃபைல்களை அழித்துவிடலாமா என்று மூன்று கேள்வி. மூன்றாவதற்கு மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்து முடிக்கும்வரை ஒரு ஃபைலையும் அழிக்காதீர்கள்.

திரையில் காட்டும் அந்த நேரம் பொய்யில்லை. எனக்குச் சொன்ன வேலையைச் செய்துவிட்டேன் என்கிறது, அவ்வளவுதான். அதற்குச் சொல்லப்பட்ட வேலையும் உங்களுக்கு வேண்டிய வேலையும் ஒன்றுதானா என்பது அதற்கு எப்படித் தெரியும்?

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன், அதுவும் அடுத்தவர் செலவில். எனக்குத் தெரிந்த ஓர் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், இப்படி வேலை. பேக்கப்பை நானேதான் அமைத்துக் கொடுத்தேன். டிசைன் எல்லாம் டெஸ்க்டாப்பில் ஒரே ஃபோல்டரில் இருந்தது, டெஸ்க்டாப்பைப் பேக்கப்பில் சேர்த்தேன், வாரம் ஒருமுறை ஓடுகிறதா என்று போனில் கேட்பேன், ஓடுகிறது என்பார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த சிஸ்டத்தின் டிஸ்க் போய்விட்டது. பரவாயில்லை, பேக்கப் இருக்கிறது என்று தெம்பாகப் போய் வெளி டிஸ்க்கை என் லேப்டாப்பில் சொருகினேன். டெஸ்க்டாப் ஃபோல்டர் இருந்தது. அதற்குள் 'டிசைன்' என்ற மஞ்சள் ஃபோல்டரும் இருந்தது. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று "இதோ இருக்கே" என்றார். இரட்டை கிளிக் செய்தேன். இந்த ஷார்ட்கட் குறிப்பிடும் டிரைவ் கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. அப்புறம்தான் கவனித்தேன், அந்த மஞ்சள் ஃபோல்டரின் இடது கீழ் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி. அளவு 1 கேபி சொச்சம்.

நடந்தது இதுதான். சி டிரைவ் நிறைந்துபோனதால் அங்கே வேலை பார்த்த பையன் ஒருநாள் ஃபோல்டரை அப்படியே டி டிரைவுக்கு மாற்றிவிட்டு, முதலாளிக்குக் குழப்பம் வேண்டாமென்று பழைய இடத்தில் ஒரு ஷார்ட்கட் போட்டு வைத்திருக்கிறான். நல்ல எண்ணம்தான். அன்றிலிருந்து பேக்கப் வாரா வாரம் அந்த ஷார்ட்கட்டை ஒழுங்காக, ஒரு குறையும் இல்லாமல் எடுத்து வைத்திருக்கிறது. குறை என்னுடையது. ஓடுகிறதா என்று கேட்டேனே தவிர, போய் ஒருமுறை திறந்து பார்க்கவில்லை.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம், எப்படிப் பார்ப்பது.

பேக்கப்பைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுங்கள். கம்ப்யூட்டரைப் பார்க்காமல், நாளைக் காலையில் இந்த சிஸ்டம் எரிந்து போயிருந்தால் எதற்காக நீங்கள் தலையில் கை வைப்பீர்கள் என்று எழுதுங்கள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே எழுதினால் கண்ணில் படும் ஃபோல்டர்களைத்தான் எழுதுவோம், கண்ணில் படாதவைதான் எப்போதும் விட்டுப்போகும். உங்கள் தொழிலில் அந்தப் பட்டியல் என்னவாக இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்: கணக்கு மென்பொருளான டாலியின் டேட்டா, கிளையண்ட் வாரியாக ரிட்டர்ன்கள், கணக்குத் தாள்கள், ஸ்கேன் செய்த பில்கள், வரித்துறைக்கு அனுப்பிய பதில் கடிதங்கள், அவுட்லுக் மெயில், யார் யாருக்கு என்ன பாஸ்வேர்டு என்று எழுதி வைத்த எக்செல் (எல்லா அலுவலகத்திலும் ஒன்று இருக்கும், இல்லையென்று சொல்லாதீர்கள்). இந்தத் தாள்தான் இனிமேல் அளவுகோல். பேக்கப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் இருப்பது போலத்தான் தோன்றும். தாளில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தேடினால்தான் இல்லாதது தெரியும்.

இப்போது டிஸ்க்கைத் திறங்கள். ஃபைல் ஹிஸ்டரி என்ற ஃபோல்டர் இருக்கும், அதற்குள் உங்கள் யூசர் பெயர், அதற்குள் கம்ப்யூட்டரின் பெயர், அதற்குள் டேட்டா என்று ஒரு ஃபோல்டர். அதைத் திறந்ததும் டிரைவ் எழுத்துகள் தெரியும். அங்கே 'சி' மட்டும் இருந்து 'டி' இல்லையென்றால், நீங்கள் நிறைந்துவிட்டது என்று சொன்ன அந்த டி டிரைவிலிருந்து ஒரு ஃபைல்கூட பேக்கப்புக்குப் போகவில்லை என்று அர்த்தம். பத்து விநாடி வேலை. உங்கள் விஷயத்தில் இதைத்தான் நான் சந்தேகிக்கிறேன், ஏனென்றால் ஃபைல் ஹிஸ்டரி தானாக எடுப்பது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் மாதிரி உங்கள் லாகினுக்குக் கீழே இருக்கும் ஃபோல்டர்களைத்தான். டி டிரைவில் நாமாக உருவாக்கிய ஃபோல்டர் வேண்டுமென்றால் நாமாகத்தான் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 10ல் செட்டிங்ஸில் பேக்கப் பகுதிக்குப் போய் கூடுதல் விருப்பங்களைத் திறந்தால் எந்தெந்த ஃபோல்டர் என்ற பட்டியலும் சேர்க்கும் பட்டனும் இருக்கும். விண்டோஸ் 11க்கு மாறினால் அந்தப் பக்கமே செட்டிங்ஸில் கிடையாது, கண்ட்ரோல் பேனலுக்குப் போக வேண்டும், அங்கே ஃபோல்டரை நேரடியாகச் சேர்க்க முடியாது, ஏதாவது ஒரு லைப்ரரிக்குள் அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிட்டால் அதன் வழியாக எடுத்துக்கொள்ளும். ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஃபைல்களின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும், கடைசியில் யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருக்கும். நேற்று இரவு 11.02க்கு எடுத்தது 17.32 என்று காட்டும். நேரம் தப்பு என்று பயப்பட வேண்டாம், நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான். இந்தத் தேதிகள் உண்மையில் ரொம்ப உபயோகமானவை. தினமும் நீங்கள் கை வைக்கும் ஒரு எக்செல் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கடைசிப் பிரதியின் தேதி போன மார்ச் மாதம் என்று இருந்தால், பேக்கப் நேற்று ஓடியது உண்மை, ஆனால் உங்கள் ஃபைல் வேறு எங்கோ இடம் மாறிப் பல மாதம் ஆகிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு விஷயம், ஃபைல் ஹிஸ்டரி லாகினுக்கு லாகின் தனி. அதே சிஸ்டத்தில் உங்கள் உதவியாளர் வேறு லாகினில் வேலை செய்தால் அவருடைய டெஸ்க்டாப் உங்கள் பேக்கப்பில் வராது. மற்ற இரண்டு கம்ப்யூட்டர்களைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை, அவற்றுக்குப் பேக்கப்பே இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூலத்தில் 180 ஜிபி, பேக்கப்பில் 9 ஜிபி என்றால் எந்தச் சுருக்கும் வித்தையாலும் அது நடக்காது. பிடிஎஃப்பும் போட்டோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, மேற்கொண்டு பெரிதாகச் சுருங்காது. ஆனால் பேக்கப் பெரிதாக இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது. ஒரே ஃபைலின் நாற்பது பழைய பிரதிகளாக இருக்கலாம், யாரோ இறக்கி வைத்த சினிமாவாக இருக்கலாம்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியாத இடங்கள். டாலி டேட்டா பெரும்பாலும் உங்கள் லாகினுக்குக் கீழே இருக்காது. சி டிரைவில் தனி ஃபோல்டராகவோ, பப்ளிக் ஃபோல்டருக்குள்ளோ, இன்ஸ்டால் செய்தவர் மனம்போல டி டிரைவிலோ இருக்கும். டேட்டா ஃபோல்டரைத் திறந்தால் 10000, 10001 என்று வெறும் எண்கள். எது எந்தக் கம்பெனி என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. டாலியில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பெயருக்கு எதிரே அந்த எண் இருக்கும், அந்தத் திரையையே ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு பேக்கப்பில் அத்தனை எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, யாரோ வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போது எடுக்கப்பட்ட பிரதி பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். டாலிக்கென்று சொந்த பேக்கப் வசதி இருக்கிறது, மாலையில் எல்லோரும் வெளியே வந்த பிறகு அதை ஓட்டி, அது உருவாக்கும் ஃபைல் விழும் ஃபோல்டரைப் பொது பேக்கப்பில் சேர்ப்பது நல்லது.

அவுட்லுக் மெயில்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல் டாக்குமெண்ட்ஸுக்குள் இருக்கலாம், ஆனால் பழைய அவுட்லுக்கிலிருந்து தொடர்ந்து வந்த கணக்கென்றால் ஆப் டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் கிடக்கும். தண்டர்பேர்டு மெயில், குரோம் புக்மார்க், மஞ்சள் ஸ்டிக்கி நோட்டில் எழுதி வைத்த குறிப்புகள் எல்லாம் அதே ஆப் டேட்டாவுக்குள்தான். ஃபைல் ஹிஸ்டரி அதைத் தானாக எடுப்பதில்லை. மெயிலை எந்தத் தேதிவரை சர்வரில் வைத்திருக்கிறீர்கள், எதிலிருந்து இங்கே மட்டும் இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஎஸ்சி டோக்கன், அதாவது டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி சாதனம், அது பற்றி ஒரு வார்த்தை. அதன் சாவி டோக்கனை விட்டு வெளியே வராது, அதற்காகவே செய்யப்பட்டது. அதற்குப் பேக்கப் என்ற பேச்சே இல்லை, தொலைந்தால் புதிதாக வாங்க வேண்டியதுதான். பட்டியலில் இருந்தால் அடித்துவிடுங்கள்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் இருக்கும் ஒரு தொல்லையும் உண்டு: எழுத்துரு. 2000களில் அடித்த கடிதங்கள், உறுதிமொழிப் பத்திரங்கள் எல்லாம் பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் இருக்கும். அந்த ஃபைலுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. பாமினியில் புள்ளி வைக்க அரைப்புள்ளிச் சாவியைத் தட்டுவோமே, எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஒவ்வொரு மெய்யெழுத்துக்குப் பின்னாலும் அந்த அரைப்புள்ளி அப்படியே நிற்கும். எழுத்துருக்கள் விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் இருப்பதால் எந்த சாதாரண பேக்கப்பும் அவற்றைத் தொடாது. அந்த அச்சகத்தில் பையனின் பழைய பென்டிரைவிலிருந்து கொஞ்சம் டிசைன் மீண்டபோது இதே தலைவலி வந்தது: பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் ஃபைல் திறக்கிறது, எழுத்து எல்லாம் குப்பை, படங்கள் இருந்த இடத்தில் மங்கலான சாம்பல் கட்டங்கள், ஏனென்றால் படங்கள் வேறொரு ஃபோல்டரில் தனியாக இருந்தன, ஃபைலுக்குள் அவற்றின் முகவரி மட்டும்தான் இருந்தது. எழுத்துருக்களை ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.

ஒன்டிரைவ் வைத்திருந்தால் இன்னொரு பொறி. ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகம் மாதிரி ஒரு குறி இருந்தால் அந்த ஃபைல் உங்கள் டிஸ்க்கில் இல்லை, இணையத்தில் மட்டும்தான் இருக்கிறது, இங்கே இருப்பது பெயர்ப்பலகை. வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் பார்த்தால் அளவு 3 எம்பி, டிஸ்க்கில் பிடித்திருக்கும் இடம் 0 என்று இருக்கும். ஃபைல் ஹிஸ்டரி இதை எடுக்காது. மேக்கில் ஐகிளவுட் இடத்தை மிச்சப்படுத்தும் செட்டிங் ஆனில் இருந்தாலும் அதன் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு இதே கதைதான், மேகத்தில் மட்டும் இருப்பதை அது இறக்கி எடுத்து வைக்காது. அதோடு ஒன்டிரைவே ஒரு பேக்கப்தானே என்று நினைக்க வேண்டாம். அதன் செட்டிங்கில் பேக்கப் என்ற சொல்லைத்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் அது செய்வது ஒத்திசைவு. நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், தனிநபர் கணக்கில் அங்குள்ள குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு கிடையாது.

ஃபைல் இருப்பது தெரிந்துவிட்டது. அது திறக்குமா? இங்கேதான் பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். பட்டியலில் ஐந்தே ஐந்து ஃபைலைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு டாலி கம்பெனி, ஒரு பெரிய எக்செல், ஒரு பழைய ஸ்கேன், ஒரு மெயில் ஃபைல், மூன்று மாதத்துக்கு முந்தைய பிரதி ஒன்று. வெளி டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில், முடிந்தால் வீட்டில், சொருகி அங்கே நகலெடுத்துத் திறந்து பாருங்கள். ஏன் வேறு கம்ப்யூட்டர்? அதே சிஸ்டத்தில் திறந்தால் எழுத்துரு, மென்பொருள், பாஸ்வேர்டு, பழைய டி டிரைவ் எல்லாம் அங்கேயே இருக்கும், குறை தெரியாமல் மறைத்துவிடும். அச்சகத்து ஷார்ட்கட்டை அங்கேயே கிளிக் செய்து பார்த்திருந்தால் அழகாகத் திறந்திருக்கும்.

டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் வேறு கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு கேட்கும், அது மறந்திருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அந்தச் சாவியை டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமித்து எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதே கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாளில் எழுதி பீரோவில் வையுங்கள், கேலியாகச் சொல்லவில்லை.

மூன்று மாதத்துக்கு முந்தைய பிரதி ஏன் என்றால், ஃபைல் கெட்டுப்போனது அன்றே தெரிவது அபூர்வம். பிப்ரவரியில் யாரோ ஒரு ஷீட்டை அழித்துவிட்டுச் சேமித்திருப்பார்கள், ஆடிட் நேரத்தில் ஜூலையில்தான் தெரியும். உங்கள் பேக்கப் கடைசிப் பிரதியை மட்டும் வைத்திருக்கும் வகையென்றால் அதிலும் அழிந்த ஷீட்தான் இருக்கும். ஃபைல் ஹிஸ்டரி நாமாக மாற்றாதவரை எல்லாப் பிரதியையும் வைத்திருக்கும், டைம் மெஷின் கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு டிஸ்க் நிறைந்ததும் பழையதைக் கழிக்கும். உங்களுடையதில் எது நடக்கிறது என்பதை அந்தப் பழைய பிரதி கிடைக்கிறதா இல்லையா என்பதே சொல்லிவிடும்.

இதெல்லாம் சின்ன அலுவலகத்து அலட்சியம், பெரிய இடங்களில் நடக்காது என்று தோன்றினால், மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லாப் நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டது. 2017 ஜனவரி 31 இரவு, களைத்துப்போன ஒரு பொறியாளர் காலி செய்ய நினைத்த சர்வருக்குப் பதிலாக உண்மையான டேட்டாபேஸ் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால், தினமும் டேட்டாபேஸை எடுத்து அமேசான் சேமிப்பகத்தில் போட வேண்டிய வேலை ஒன்றையுமே போட்டிருக்கவில்லை, அந்தப் பெட்டி காலி. காரணம் என்னவென்றால் டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸின் 9.6 பதிப்பு, அதை எடுக்க ஓடிய கருவி 9.2. பதிப்பு பொருந்தாததால் கருவி ஒவ்வொரு நாளும் பிழை காட்டிவிட்டு நின்றிருக்கிறது. பிழை வந்தால் மின்னஞ்சல் போக ஏற்பாடு இருந்தது, ஆனால் அந்த மின்னஞ்சல்கள் அனுப்பியவர் உண்மையானவரா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தோற்று நிராகரிக்கப்பட்டு யார் பெட்டிக்கும் வந்து சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, வேறு ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்னால் ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல். தளம் சுமார் 18 மணி நேரம் முடங்கியது, அந்த ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான்.

இதில் என்னை உறுத்துவது அந்த மின்னஞ்சல்தான். பிழை இல்லை என்பதும் பிழைச் செய்தி வரவில்லை என்பதும் ஒன்று போலவே தெரிகின்றன. உங்கள் அலுவலகத்திலும் பேக்கப் தோற்றால் சொல்லும் செய்தி திரையின் மூலையில் நாலு விநாடி வந்து போகும் ஒரு பெட்டிதான், அந்த நேரம் நீங்கள் டீக்கடையில் இருப்பீர்கள்.

லாக் ஃபைல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது உங்களுக்கு ரோபோகாப்பி (விண்டோஸில் உள்ள நகலெடுக்கும் கட்டளை) ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்திருந்தால் பயன்படும். முடிவில் ஒரு குட்டி அட்டவணை வரும்: மொத்தம் எத்தனை, எத்தனை நகலானது, எத்தனை தாண்டப்பட்டது, எத்தனை தோற்றது. தோற்றது என்ற கட்டத்தில் 1 என்று இருந்தால் ஒன்றுதானே என்று விடாதீர்கள், திறந்திருந்ததால் பூட்டப்பட்ட ஃபைலாக இருக்கும், திறந்திருந்தது என்றாலே நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஃபைல் என்று பொருள், பெரும்பாலும் அவுட்லுக்கின் மெயில் ஃபைல்தான். வேடிக்கை என்னவென்றால் ரோபோகாப்பி எதுவும் சொல்லாவிட்டால் பூட்டிய ஃபைலை 30 விநாடிக்கு ஒருமுறை, 10 லட்சம் தடவை முயற்சி செய்யும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 347 நாள். அதுவரை அடுத்த ஃபைலுக்குப் போகாமல் நின்றுகொண்டிருக்கும், கறுப்புத் திரையைப் பார்ப்பவர்கள் பேக்கப் மும்முரமாக ஓடுகிறது என்று நினைப்பார்கள்.

பென்டிரைவில் கூடுதலாக ஒரு பிரதி எடுக்கும் பழக்கம் இருந்தால் அது எஃப்ஏடி32 வடிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வடிவத்தில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக வைக்க முடியாது. வளர்ந்துகொண்டே போகும் பிஎஸ்டி ஒருநாள் அந்த எல்லையைத் தாண்டும், அன்றிலிருந்து அது மட்டும் நகலாகாது, மற்றதெல்லாம் வழக்கம்போல ஆகும்.

போன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கிளையண்ட்கள் பில்லை வாட்ஸாப்பில்தானே அனுப்புகிறார்கள். ஆண்ட்ராய்டில் வாட்ஸாப் கூகுள் கணக்கில் எடுக்கும் பேக்கப்பில் வீடியோ தானாகச் சேராது, தனியாக ஆன் செய்ய வேண்டும். கூகுள் போட்டோஸ் கேமரா படங்களைத்தான் முதலில் எடுக்கும், வாட்ஸாப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஐபோனைக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுப்பவர்களுக்கு ஒரு விசித்திரம்: பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பேக்கப்பில்தான் சேமித்த பாஸ்வேர்டுகளும் உடல்நலத் தகவல்களும் சேரும், பூட்டாததில் சேராது. திறந்த பெட்டியைவிடப் பூட்டிய பெட்டியில் சரக்கு அதிகம்.

டிஸ்க் எப்போதும் சொருகியே இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உள்ளே இருப்பதைச் சரிபார்க்கும் பேச்சில் இது வேறு விஷயம் போலத் தோன்றலாம், ஆனால் இல்லை. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸான வான்னாக்ரை பரவியபோது அது ஃபைல்களைப் பூட்டியதோடு விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருந்த பழைய நிழல் பிரதிகளையும் தேடி அழித்தது. சொருகியிருக்கும் வெளி டிஸ்க் இந்த மாதிரிப் பூட்டும் வைரஸுக்கு இன்னொரு டிரைவ் எழுத்து, அவ்வளவுதான். பேக்கப் இருக்கும், உள்ளே எல்லா ஃபைலும் இருக்கும், ஒன்றும் திறக்காது. இன்னொரு டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் ஒன்றைக் கழற்றி வீட்டில் வையுங்கள், கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே அந்த ஐந்து ஃபைல் சோதனையையும் முடித்துவிடலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், கூடவே ஏதாவது மாறும்போதெல்லாம்: புது மென்பொருள், புது டிஸ்க், புது ஆள், பாஸ்வேர்டு மாற்றம், இடம் பற்றாமல் ஃபோல்டரை நகர்த்துவது. எனக்கு நாள் ஞாபகம் இருக்காது என்பதால் நான் போகும் இடங்களில் ஆயுத பூஜையன்று சிஸ்டத்தைத் துடைத்துப் பொட்டு வைக்கும் முன்னால் ஒரு பெரிய சோதனை வைத்துவிடுகிறேன், அன்று யாரும் வேலை செய்ய மாட்டார்கள், டாலி திறந்திருக்காது.

கடைசியாக அந்த 2019க்கு முந்தைய ஃபைல்கள். டிஸ்க்கில் 'டி' ஃபோல்டரே இல்லையென்றால், நீங்கள் அழிக்க நினைத்தது இருக்கும் ஒரே பிரதியை. 'டி' இருந்தாலும், ஐந்து ஃபைல் திறந்தாலும்கூட, இங்கே அழித்த நிமிடமே அங்கே இருப்பது பேக்கப் என்ற பெயரை இழந்துவிடுகிறது, அதுவே ஒற்றைப் பிரதி ஆகிவிடுகிறது, அதுவும் விழுந்தால் போய்விடும் ஒரு டிஸ்க்கில். ஃபைல் ஹிஸ்டரியில் பழைய பதிப்புகளைச் சுத்தம் செய்யும் பட்டன் ஒன்று உண்டு, இடம் பற்றவில்லை என்று ஒருநாள் யாராவது அதை அழுத்தினால் மூலத்தில் இல்லாத ஃபைல்களும் கூடவே போய்விட வாய்ப்புண்டு. ஜிஎஸ்டி சட்டத்தில் கணக்குகளை ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிளையண்ட் கம்பெனியாக இருந்தால் கம்பெனிச் சட்டப்படி எட்டு வருடம். ஆகவே முதலில் இரண்டு டிஸ்க்கில் தனித்தனியாக, பேக்கப் மென்பொருள் எதுவும் இடையில் இல்லாமல், சாதாரணமாக நகலெடுங்கள். இரண்டையும் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் பைட் வரை ஒத்துப்போகிறதா என்று ப்ராப்பர்ட்டீஸில் பாருங்கள், மேலே '2018-19 வரை' என்று மார்க்கரில் எழுதி ஒன்றை அலுவலகத்திலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். அதற்கப்புறம் டி டிரைவில் இடம் செய்துகொள்ளுங்கள்.

டேட்டா ஃபோல்டருக்குள் 'டி' இருந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு எழுதுங்கள், மற்ற இரண்டு கம்ப்யூட்டருக்கு என்ன செய்வது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.